ஏழு நாள் துணி

கோரிப்பாளையம் முக்கில் நின்றுகொண்டு ஷேக் தாவூது வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பேரில் அங்கே அம்புட்டுப் பேர் இருக்கிறார்கள். பம்ப் தாவூது என்று கேளுங்கள், எல்லாரும் ஒரே பக்கம் காட்டுவார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. டீசல் வண்டிகளின் பம்ப்பைக் கழற்றிப் பழுது பார்க்கிறவன். மதுரையைச் சுற்றி ஓடுகிற லாரியும் பஸ்ஸும் ஒரு காலத்தில் அவன் கை படாமல் ஓடியதில்லை.

நான் வீரணன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், மதுரை–வாடிப்பட்டி பஸ்ஸில் டிரைவர். தாவூதை நான் மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களும் நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வது. அவனைப் பற்றிச் சொல்ல உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் பெண்டாட்டி சாதிகாவை ஊரை விட்டு விரட்டியதில் என் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு. அந்த யோக்கியதைதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எஞ்சினுக்குள் எம்புட்டு டீசல் போக வேண்டும் என்று அளந்து அடிப்பது பம்ப். அதில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதற்கு மேல் டீசல் போகக் கூடாது என்று கம்பெனிக்காரன் அளவு வைத்து, ஈயத்தில் சீல் அடித்து அனுப்புவான். எங்கள் டிரைவர்களுக்கு அந்தச் சீலைக் கண்டாலே ஆகாது. உடை, ஸ்க்ரூவை ஏற்று என்போம். ஏற்றினால் டீசல் அதிகமாகப் போகும். போவதெல்லாம் எரியாது. எரியாதது கரியாக வெளியே வரும். வண்டி இழுக்கும், பின்னால் வருகிறவன் கண் தெரியாமல் பிரேக்கில் ஏறி நிற்பான். புகை அடிக்காத வண்டியை நாங்கள் வண்டி என்றே மதித்ததில்லை. "என்னடா இது, ஊதுவத்தி கொளுத்துன மாதிரி வருது" என்று சிரிப்போம்.

அந்த ஸ்க்ரூவை ஏற்றுவதில் தாவூதை அடிக்க ஆள் கிடையாது. மற்றவன் ஏற்றினால் எஞ்சின் சூடேறி நடுரோட்டில் படுத்துவிடும். தாவூது கால் திருகு, அரைத் திருகு என்று காதாலேயே கேட்டு வைப்பான். "தாவூது ஏத்துன வண்டி" என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அம்புட்டுப் பெருமை. அவனுக்கும் பெருமைதான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சாதிகா வாடிப்பட்டிக்காரி. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. அதற்காக இரண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் இல்லை. அவள் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "என்னங்க, சோறு ஆறுது, அந்த இரும்பை நாளைக்குக் கொஞ்சிக்கலாம்" என்று சத்தம் போடுவாள். கீழே நிற்கிற டிரைவர்கள் எல்லாரும் சிரிப்போம். தாவூது கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடுவான். அந்த வேட்டியைத் துவைக்கிறவள் அவள்தானே, மேலே போனதும் அதற்கு இன்னொரு வசவு வாங்குவான். அதை வாங்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு இருமல் வந்தது. மாசக்கணக்கில் நின்றபாடில்லை. பிறகு இரைப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் நெஞ்சை ஒட்டுக் கேட்டுவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார். கோரிப்பாளையம் முக்கு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மருந்து எழுதித் தாரேன். ஆனா அந்த வண்டிப் புகைக்குள்ள வச்சிருந்தா எந்த மருந்தும் கேக்காது. ரெண்டு வருசம் தாங்காதுப்பா" என்றார்.

தாவூது தலைகீழாக நின்று பார்த்தான். ஊருக்குள் வேறு தெருக்களில் வீடு தேடினான். எந்தத் தெருவிலும் நாலு லாரி நின்றது. பட்டறையையே வாடிப்பட்டிக்குக் கொண்டுபோகிறேன் என்றான். பம்ப்பைச் சோதிக்கிற பெஞ்ச் ஒரு யானை கனம். அதைத் தூக்கிக்கொண்டு போனாலும் அங்கே எந்த லாரிக்காரன் தேடி வருவான்? சாதிகாதான் முடிவு சொன்னாள். "நான் எங்க அண்ணன் வீட்டுல இருக்கேன். அது மெயின் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ள, வயக்காட்டுப் பக்கம். மூச்சு சரியாகட்டும், வாரேன்" என்றாள். என் பஸ்ஸில்தான் ஏறிப் போனாள். நானும் மடையன் மாதிரி முக்கைத் தாண்டும்போது ஒரு மிதி மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் தாவூது நின்ற இடம் தெரியவில்லை, ஒரே புகை.

அவள் போய் ஒன்பது நாள் கழித்து அவன் மொட்டைமாடிக்குப் போயிருக்கிறான். கிளம்புகிற அன்று காலையில் அவள் துவைத்துப் போட்ட வெள்ளைத் துப்பட்டி கொடியிலேயே கிடந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேல் போர்த்துகிற துணி. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, நீலம் போட்டுத் துவைப்பாள். அது சாம்பல் நிறமாகிக் கிடந்தது. விரலால் தேய்த்தால் விரலில் பிசுக்காகக் கரி ஒட்டியது. அந்தக் கரி அவனுக்குப் பழக்கம். அவன் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக் குழாயிலும் இருக்கிற கரிதான்.

அடுத்த நாள் நான் போனபோது துப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், இந்த முக்குல போற வண்டியில பாதி நான் ஏத்திவிட்டது. என் பொண்டாட்டியை நானே என் கையால வெளிய தள்ளிருக்கேன்" என்றான்.

"போடா, ஊரு ஒலகத்துல இல்லாத புகையா? கிறுக்குத்தனமாப் பேசாத" என்றேன்.

அவன் அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்க்க எனக்கு ஆகாது. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை ஊரே கிறுக்கு என்றது. ஒரு சைக்கிள் பம்ப்பை எடுத்து, உள்ளே இருக்கிற தோல் வாஷரைத் தலைமாற்றிப் போட்டான். அப்படிப் போட்டால் அது காற்றை ஊதாது, உறிஞ்சும். அதன் வாயில் துப்பட்டியிலிருந்து துவைத்துக் கிழித்த ஒரு துண்டை இழுத்துக் கட்டினான். வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, புகைக் குழாய்க்குள் பம்ப்பை நுழைத்து ஒரே இழுப்பு. துணியில் காலணாக் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் விழும். நல்ல வண்டி என்றால் பழுப்பு, மோசமான வண்டி என்றால் மை. லேசில் ஆரம்பித்துக் கன்னங்கறுப்பு வரை பத்து வட்டம் சேர்த்து ஓர் அட்டையில் ஒட்டி, ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்டு மாட்டினான். பம்ப் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் இந்த மாதிரி ஒரு வெளிநாட்டு மிஷின் படம் இருந்ததாம். அதைப் பார்த்து யோசித்திருக்கிறான்.

என் வண்டியை அளந்தான். ஒன்பது.

"பத்துக்கு ஒம்பது வாங்கிட்டேன்ல? எங்க வாத்தியாரு பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றேன். தாவூது சிரிக்கவில்லை.

இனி ஸ்க்ரூவை ஏற்ற மாட்டேன், இறக்கித்தான் வைப்பேன் என்றான். வண்டி இழுக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு என்றான். டீசலைத் தூவுகிற நாசில் தேய்ந்திருக்கும், காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கும். அதைச் சரி செய்யாமல் டீசலைக் கொட்டினால் கரிதான் வரும், நாசிலை மாற்றி வடிகட்டியைக் கழுவித் தருகிறேன், ஸ்க்ரூ கம்பெனி அளவிலேயே இருக்கட்டும் என்று ஒவ்வொருவனிடமும் மன்றாடினான். டீசல் மிச்சமாகும் என்று கேட்டு நாலு லாரி முதலாளிகள் வந்தார்கள். டிரைவர்கள் வரவில்லை. இழுவையை விடச் சொன்னால் எங்களுக்கு மீசையை எடுக்கச் சொன்ன மாதிரி. எனக்கு வந்த கோபத்தில், "உன் பொண்டாட்டி இருமுறாங்கிறதுக்காக மதுரை வண்டியெல்லாம் நொண்டணுமாடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டேன், ஆமாம். வாய் நீளம் எனக்கு. அவன் ஸ்பேனரைத் துடைத்தான்.

அன்றைக்கே வேறு பட்டறையில் போய் என் பம்ப்பை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவன் என் பஸ்ஸுக்குத்தான் வர வேண்டும். ஜும்மா தொழுதுவிட்டு, வெள்ளைத் தொப்பியோடு, காகிதத்தில் மடித்த ஒரு துணியோடு வந்து முதல் சீட்டில் உட்காருவான். மாடி ஜன்னல் கம்பியில் வெள்ளிக்கு வெள்ளி ஒரு புதுத் துண்டைக் கட்டி வைப்பான். ஏழு நாள் அது முக்கின் காற்றைக் குடிக்கும். எட்டாம் நாள் அவிழ்த்து சாதிகாவிடம் கொண்டுபோய்க் காட்டுவான். வாடிப்பட்டியில் பஸ் ஒரு மணி நேரம் நிற்கும். சில நாள் நானும் கூடவே நடந்து போயிருக்கிறேன், அவள் போடுகிற டீக்காக.

அவள் அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அங்கேயும் சுவரில் ஒரு பத்து வட்ட அட்டை மாட்டியிருந்தான்.

"எட்டு" என்பாள். "போன வாரமும் எட்டுதான்."

"போன வாரத்துக்கு இது கொஞ்சம் வெளுப்புடி."

"புதன்கிழமை மழை பேஞ்சுச்சுல்ல, அதான் வெளுப்பு. உங்க சாமர்த்தியம் இல்ல."

பேச்சு அப்படி இருக்கும். ஆனால் அவன் எழுந்தால் அவள் முகம் வாடிவிடும். "மூணுக்குக் கீழ வரட்டும், நானே பஸ் ஏறி வந்துருவேன்" என்று வாசல் வரை வந்து சொல்லுவாள். ஒவ்வொரு வெள்ளியும் அதையே சொன்னாள். ஒவ்வொரு வெள்ளியும் அவன் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டினான். ஒரு தடவை அவன் முன்னால் போன பிறகு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, அவரு ஒழுங்காச் சாப்பிடுறாரா?"

"நல்லா மொக்குறான் தங்கச்சி."

"வீட்டுல அடுப்பு எரியுதா?"

ஓட்டலில் தின்கிறான் என்று எப்படிச் சொல்வது? எரியுது என்று சொன்னேன். "இல்லண்ணே. சட்டையில அடுப்புப் புகை வாசமே இல்ல. ஓட்டல் குருமா வாசம்தான் வருது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருஷம் போனது. துணி எட்டிலிருந்து ஏழுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது. அதற்கு மேல் அசையவில்லை. அவன் ஒரு வண்டியை இறக்கினால் ஊரில் இரண்டு வண்டி ஏறியது. எனக்கே பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் சொன்னேன்.

"மாப்ள, ஏழு நாளு எதுக்கு? மூணு நாள்ல அவுத்துரு. மூணு நம்பர்தான் வரும். தங்கச்சி வந்துரும். அண்ணன் வீட்டுல இருந்து இருந்து அதுவும் ஏங்கிப்போய்க் கிடக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் யோசிக்கலன்னா நெனைக்கிற? ஒவ்வொரு திங்கக்கிழமையும் கம்பிகிட்டப் போயி நிக்கிறேன் மச்சான். கை முடிச்சு வரைக்கும் போகுது. துணியை ஏமாத்தலாம், அவ நெஞ்சை எப்படி ஏமாத்த?" என்றான்.

அந்த வருஷம் ஆவணியில் ஸ்டிரைக் வந்தது. பஸ், லாரி இரண்டும் சேர்ந்து நின்றன. எங்கள் சங்கத்தில் நான் சத்தம் போடுகிற ஆள். முதல் நாள் கொடி பிடித்து தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தேன். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. பத்து நாள் ஆனது. கோரிப்பாளையம் முக்கில் ஆடு படுத்து அசை போட்டது. நடுரோட்டில் பையன்கள் பம்பரம் விட்டார்கள். பக்கத்துத் தர்காவுக்கு வந்தவர்கள் ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்க்க மறந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தாவூது கம்பியிலிருந்து துணியை அவிழ்த்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அட்டையில் வைத்துப் பார்த்தோம். இரண்டு.

"மச்சான், ரெண்டு" என்றான்.

"ஸ்டிரைக்குடா கிறுக்கா" என்றேன்.

"ஸ்டிரைக்கோ என்ன எழவோ, ரெண்டு ரெண்டுதான? ஏழு நாள் துணிதான?"

வாடிப்பட்டிக்குப் போக ரயில் உண்டு. அது கரி எஞ்சின். அதில் அவளைக் கூட்டி வர மாட்டேன் என்றான். ஜும்மா முடிந்த கையோடு சைக்கிளை எடுத்தான். பதினாறு மைல் வெயிலில் மிதித்திருக்கிறான். சாதிகா துணியை வாங்கிப் பார்த்தாளாம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ஸ்டிரைக் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் அண்ணன் பீர் முகமதே கறிவேப்பிலை மூட்டையை அனுப்ப வண்டி இல்லாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏழு நாள் துணியா?" என்று கேட்டாளாம்.

"ஏழு நாள் துணி. சத்தியமா."

"அப்ப நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்ல?" என்று சொல்லிவிட்டுத் துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் விடியலில் பீர் முகமது மாட்டு வண்டி பூட்டிக் கொடுத்தார். சாயங்காலம் முக்கில் வந்து இறங்கினாள். மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். பாதியில் உட்காரவில்லை. அதைக் கீழே நின்று பார்த்த தாவூது, கூட ஏறிப் போகவும் மறந்து அப்படியே நின்றுவிட்டான்.

அதற்குப் பிறகு எட்டு நாள். தாவூது பட்டறைப் பக்கமே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அவள் சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி, கரி ஏறிக் கிடந்த சுவரையெல்லாம் வெள்ளை அடிக்க வைத்தாள். என்றைக்கும் இங்கேயே இருக்கப் போகிறவள் மாதிரி ஊறுகாய் போட்டாள். ஊறுகாய் ஊற ஒரு மாதம் ஆகுமே என்று நான் கேட்க நினைத்து, நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "என்னங்க, சோறு ஆறுது" என்று பழையபடி சத்தம் போட்டாள். தாவூது பக்கத்து அறையில்தான் இருந்தான். வேண்டுமென்றே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கத்தினாள். தெருவே சிரித்தது.

என் வீட்டு நிலைமை வேறு. ஸ்டிரைக்கில் அடுப்பு எரிவது கஷ்டம். என் பெண்டாட்டி ராமக்காள், "கொடி புடிச்ச கையில நாலு கத்திரிக்காயாவது புடிச்சுட்டு வா" என்று விரட்டினாள். தினமும் காலையில் சங்க ஆபீசுக்குப் போகும்போது, இன்றைக்காவது முடியணும் என்று நினைத்துக்கொண்டு போவேன். கோரிப்பாளையம் முக்கில் அந்த ஜன்னலைப் பார்த்ததும், இன்றைக்கு ஒரு நாள் முடியாமல் போகட்டும் என்று நினைப்பேன். அப்படி நினைத்த ஒரே சங்கத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் பேச்சு வார்த்தை முடிந்தது. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. ஒருவனை ஒருவன் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னையும் தூக்கினார்கள். "விடுங்கடா" என்று எரிந்து விழுந்துவிட்டு இறங்கினேன். மறுநாள் காலை வண்டி எடுக்க வேண்டும்.

தாவூது வீட்டுக்கு நடந்தேன். படியேறும்போதே குழம்பு வாசம். என் மூஞ்சியைப் பார்த்ததும் தாவூதுக்கு விளங்கிவிட்டது. இப்போது சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று பேரும் எதை எதையோ பேசினோம். எனக்கு என்ன தின்கிறேன் என்றே தெரியவில்லை. சாதிகா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"காலையில மொத வண்டி எத்தனை மணிக்குண்ணே?"

தாவூது தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். "உனக்கு யாருடி சொன்னா?" என்றான்.

"எதிர்த்த லாரி செட்டுல காலையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாங்க. எனக்குக் காது இருக்குல்ல? நெஞ்சும் சொல்லுச்சு." அவள் சிரித்தாள். சிரிப்போடு ஓர் இருமலும் வந்தது. எட்டு நாளில் அதுதான் முதல் இருமல்.

எனக்குத் தாங்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்றேன். "மாப்ள, என் பம்ப்பை இறக்கு. இன்னைக்கே இறக்கு. நாளைக்கு என் வண்டியிலதான் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போவேன். அது போறப்ப என் வண்டி ஒரு பொட்டுப் புகை விடக் கூடாது" என்றேன்.

"கைய கழுவுங்கண்ணே மொதல்ல" என்றாள் சாதிகா.

ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸைக் கொண்டுவர மனசில்லை. பஸ் செட்டுக்குப் போய்ப் பம்ப்பைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். தாவூது பெஞ்சில் மாட்டி, நான் வெளியே ஏற்றிய ஸ்க்ரூவை இறக்கினான். நாசில்களை மாற்றினான். வடிகட்டியை நானே கழுவினேன். அதிலிருந்து வந்த புழுதியில் ஒரு மிளகாய்ச் செடி வைக்கலாம். சாயங்காலம் செட்டில் வண்டியில் பூட்டி, மிதித்து, சைக்கிள் பம்ப்பால் இழுத்தான். மூன்று. அவன் என் தோளில் ஒரு குத்து விட்டான்.

சாதிகாவிடம் அந்தத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தேன், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த முக்குல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகும்?" என்று தாவூதைக் கேட்டாள்.

"ஆயிரத்துக்குக் கிட்ட போகும்."

"சரி. ஒண்ணு ஆச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் பஸ்ஸை முக்கில் நிறுத்தினேன். பட்டறை வாசலில் அதற்குள் ஆறு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். பத்தொன்பது நாள் விட்டதை ஓட்டிப் பிடிக்க வேண்டுமாம், ஸ்க்ரூவை ஏற்றிக் கொடு, இந்த ஒரு தடவை ஏற்றிக் கொடு என்று தாவூதை மொய்த்துக்கொண்டார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு பெட்டியோடு வந்தான். அவளை முதல் சீட்டில் உட்கார வைத்தான். அவள் வெள்ளைத் துப்பட்டியை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முக்கு மறுபடியும் கறுத்துப்போய் இருந்தது. அடுத்த வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது. இன்றைக்கு அவனும் கூட வரட்டுமே என்று நினைத்தேன்.

"நீங்க ஏறாதீங்க" என்று சாதிகாவே சொல்லிவிட்டாள். "ஆறு வண்டி நிக்குது. ஆறையும் எறக்கிட்டு வாங்க."

"வெள்ளிக்கிழமை வாரேன்" என்றான். திரும்பி அந்த ஆறு பேரைப் பார்த்து நடந்தான். போகிற போக்கில் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அன்றைக்கு நான் ஓட்டின மாதிரி என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. முட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினேன். சமயநல்லூர் தாண்டியதும் போட்டிக் கம்பெனி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது. கரும்புகை ஜன்னல் வழியாக வந்தது. "ஏறுங்கண்ணே, விடாதீங்க" என்று கண்டக்டர் மொக்கையன் கத்தினான். பின் சீட்டில் ஒருவன், "டிரைவருக்கு வாதமா?" என்றான். என் கால் அரித்தது. மிதிக்கவில்லை. அந்த வண்டி கண்ணுக்கு மறையட்டும், அதன் புகை கலையட்டும் என்று இன்னும் மெதுவாக விட்டேன். பதினெட்டு வருஷத்தில் ஒருவனும் என்னை அந்த ரோட்டில் முந்தியது கிடையாது.

"உங்க மானம் போகுதேண்ணே" என்றாள் சாதிகா பின்னாலிருந்து.

"போனா போகுது தங்கச்சி. நீ மூக்கை மூடிக்க."

வாடிப்பட்டியில் பீர் முகமது வண்டி பூட்டிக்கொண்டு காத்திருந்தார். மொக்கையன் பெட்டியை இறக்கிக் கொடுத்தான். சாதிகா இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு டிரைவர் கதவுப் பக்கம் வந்தாள். துப்பட்டியை முகத்திலிருந்து எடுத்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

"அண்ணே, நீங்க சங்கத்துல பெரிய ஆளுல்ல? அடுத்த ஸ்டிரைக்கு எப்பண்ணே?" என்று கேட்டாள்.

மைக்கில்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவன் நான். அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, "சீக்கிரம் வச்சிருவோம் தங்கச்சி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அண்ணன் வண்டியைப் பார்த்து நடந்தாள். மொக்கையன் இரண்டு தடவை விசில் அடித்த பிறகுதான் எனக்குக் கியர் போட வந்தது.